நெஞ்சு நோவும் நிபுணர்களும்

நெஞ்சு ஓரிடமாயினும் அங்கே தோன்றும் நோவு ஒன்றன்று. இருதயம், சுவாசப்பைகள், உணவுக்குழாய், விலாத் தசைகள் யாவும் நெருங்கி அமைந்திருத்தலின், நோவு எதனுடையது என அறிதல் எளிதன்று. தமிழர் 'நெஞ்செரிச்சல்' என வழங்கும் துன்பமும் இரைப்பையின் அமிலம் மேலெழுவதால் விளைவதேயாகும்.

இவற்றைப் பிரித்தறியும் கலை மெல்லவே வளர்ந்தது. நடக்கும்போது, சிறப்பாக மேட்டில் ஏறும்போது, நெஞ்சை இறுக்கி, நின்றதும் நீங்கும் நோயொன்றை 1768 இல் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் விவரித்தார். 'அஞ்சைனா பெக்டோரிஸ்' என்று பெயரும் இட்டார். காரணமோ அவருக்குப் புலப்படவில்லை. புகழ்பெற்ற சத்திரவைத்தியர் ஜோன் ஹன்டர் அந்நோயால் பல்லாண்டு வருந்தி 1793 இல் இறந்தார். அவருடலைச் சோதித்தபோது, இருதயத்துக்குக் குருதியூட்டும் நாடிகள் இறுகியிருக்கக் கண்டனர். அவர்தம் மாணவர் எட்வர்ட் ஜென்னர் இதனை முன்னரே ஐயுற்றிருந்தார். ஆசிரியர் மனம் வருந்துமென அஞ்சி வெளியிடாதிருந்தார்.

பாரிசில் லேனெக் 1816 இல் கண்ட இதயத்துடிப்புமானி, நெஞ்சின் ஒலிகளைத் தெளிவாகக் கேட்க உதவியது. ஒல்லாந்தர் ஐந்தோவன் 1903 இல் வெளியிட்ட கருவியோ இருதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டிற்று. அதற்காக 1924 இல் நோபல் பரிசும் பெற்றார். அறிவு விரிய விரிய, இருதயம், சுவாசம், சமிபாடு எனத் தனித்தனி நிபுணர்கள் தோன்றினர்.

நிபுணர் பலராயினமையின், எவரை நாடுவது என்னும் மயக்கமும் எழுந்தது. அதற்கு விடை ஹெபர்டனின் முறையிலேயே உண்டு. நோவு எப்போது வருகிறது, எதனால் தணிகிறது என்பதே அவர் கேட்ட கேள்வி. நடையில் வந்து ஓய்வில் தணிவது இருதய நிபுணருக்குரியது. உண்டபின் படுக்கையில் எரிவது பெரும்பாலும் சமிபாட்டைச் சார்ந்தது. இருமலும் காய்ச்சலும் உடன்வரின் சுவாச நோய் நிபுணரின் துணை வேண்டப்படலாம். எனினும் இவ்வடையாளங்கள் ஒன்றையொன்று ஒத்துத் தோன்றுவதுமுண்டு. ஆதலின் நோயாளி தாமே முடிவுசெய்யாது, முதலில் பொது வைத்தியரிடம் விவரமாகக் கூறி, அவர் காட்டும் நிபுணரை நாடுதலே தக்கது.

திடீரென நெஞ்சு இறுகி, வியர்வையோ மூச்சுத்திணறலோ தோன்றினும், நோவு கைக்கோ தாடைக்கோ பரவினும், நிபுணரைத் தேடிக் காலம் போக்கலாகாது. இலங்கையில் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியைப் பெற்று, அண்மையிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவை உடனே அடைதல் வேண்டும். அடைபட்ட நாடி திறக்கப்படாதிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை அழிந்துகொண்டேயிருக்கும்.