மோட்டுப்பள்ளி அபயசாசனம்

காகதீய மன்னன் கணபதிதேவன் ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளித் துறையில் 1244-45இல் பொறிப்பித்த கல்வெட்டு, கடல் வணிகர்க்கு வழங்கிய ‘அபயசாசனம்’ ஆகும். புயலால் உடைந்து கரையொதுங்கிய கலங்களின் சரக்கு முழுவதையும் முன்னை மன்னர் கவர்ந்து வந்தனர். தான் உரிய சுங்கம் மட்டுமே கொள்வதாக இவன் உறுதியளித்தான். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டிற்கும் அது முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கர்ப்பூரம், முத்து போன்றவற்றிற்குத் தனி வீதங்களும் குறிக்கப்பட்டுள்ளன.

இதனைச் ‘சலுகை ஆணை’ என மொழிபெயர்ப்பது பொருந்தாது. சாசனத்தின் உயிர்நிலை வரிக்குறைப்பன்று. பறிமுதல் அச்சத்தை நீக்குதலே. ‘வணிகர் உரிமைச் சட்டம்’ என்பதோ மிகை. கருணையாலும் புகழும் அறமும் கருதியுமே அளிப்பதாக மன்னன் கூறுகிறான். வணிகர் உரிமை பற்றிய பேச்சே அதில் இல்லை. ‘அஞ்சேல்’ என்னும் பொருள் தொனிக்க, ‘அபயசாசனம்’ என்றே வைத்துக்கொள்ளல் தகும்.