மதிலுக்கு வெளியே வேலை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் திறக்கப்பட்ட மனநோயர் காப்பகம், அதாவது இன்றைய உலு கிந்தா பகாகியா மருத்துவமனை, நோயாளிகளைத் தோட்ட வேலையிலும் கைத்தொழிலிலும் ஈடுபடுத்தி மனத்தைத் தேற்றும் தொழில்வழிச் சிகிச்சையை நெடுங்காலம் கையாண்டது; ஆயினும் அங்கே மீண்ட கைப்பழக்கம் பிழைப்பாக மாறுவதற்கு மதிலுக்கு வெளியே வழி அரிதாகவே இருந்தது.

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்கு வந்து நின்றவருக்கே அன்றைய கூலி உண்டு என்பதாலும், தோட்டக் குடியிருப்பான லயத்து வீடும் வேலையோடு பிணைந்திருந்ததாலும், மாதக்கணக்கில் மனம் குலைந்து கிடந்த பால்வெட்டுத் தொழிலாளி குணமாகித் திரும்புகையில் அவருடைய நிரை, அதாவது அவர் வெட்டிவந்த மரங்களின் தொகுதி, வேறொருவர் கைக்குப் போயிருக்கக்கூடும். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு அளிக்கிறது; விடுப்பு முடிந்த காலையில் யார் துணை நிற்பார் என்பதே அதைவிடக் கடினமான கேள்வி.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2007-இல் தொடங்கிய மீண்டும் பணிக்குத் திரும்பும் திட்டம், மருத்துவரோடும் முதலாளியோடும் பேசி வேலையை ஆளுக்கேற்ப மாற்றியமைக்கும் அலுவலரை இடையில் நிறுத்தியது. ஆனால் அதற்குள் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன.