பவளப்பாறையைப் பேணும் மீன்கள்: மன்னார் வளைகுடாவின் நிலை

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே கடற்கரையை ஒட்டி வரிசையாக அமைந்திருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் இன்று நீருக்கடியில் உள்ளன. கட்டுமானத்துக்கும் சுண்ணாம்புத் தயாரிப்புக்கும் பல பத்தாண்டுகளாகப் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டதே இதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. அலையின் வேகத்தைத் தணித்து வந்த அரண் இல்லாமல் போனதும், அதன் பின்னால் இருந்த மணல் திட்டுகளும் அரிக்கப்பட்டன.

இத்தீவுகளைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பவளம் வெட்டும் தொழில் படிப்படியாக நின்றது. ஆனால் வெட்டுவதை நிறுத்தியதால் மட்டும் பாறை பழைய நிலைக்குத் திரும்பிவிடவில்லை.

பவளம் என்பது கல்லன்று. சுண்ணாம்புக் கூடு கட்டி வாழும் சிற்றுயிர்களின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளே அவற்றுக்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் அளிக்கின்றன. கடல்நீரின் வெப்பம் கோடைகால உச்ச அளவைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே இந்த நுண்பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுக்கும். வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும், இல்லையேல் மடியும். 2016-ஆம் ஆண்டு கோடையில் மன்னார் வளைகுடாவில் இதுவே நிகழ்ந்தது. உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்ததாகத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

மீன்களின் பங்கு இதன் பிறகே தொடங்குகிறது. மடிந்த பவளத்தின் மீது முதலில் குடியேறுவது பாசி. அது அடர்ந்துவிட்டால் நீரில் மிதந்து வரும் இளம் பவளங்களுக்கு ஒட்டிக்கொள்ள இடம் இருக்காது. கிளிமீன், ஓரா போன்ற மீன்கள் இப்பாசியை மேய்ந்து பாறையைத் துப்புரவாக வைத்திருக்கின்றன. கிளி அலகு போன்ற பற்களால் பாறையையே சுரண்டி உண்ணும் கிளிமீன், அதனை அரைத்து வெண்மணலாக வெளியேற்றுகிறது. சில இனங்களில் பெரிய மீன் ஒன்று ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணலை உருவாக்கும். பவளத் தீவுகளின் மணலில் ஒரு பகுதி இவ்வாறு வந்ததே.

மேய்வதற்கு மீன் இல்லாத பாறை என்னவாகும் என்பதற்கு ஜமைக்கா சான்று. அங்கு பாசி உண்ணும் மீன்கள் மிகையாகப் பிடிக்கப்பட்டுவிட்ட நிலையில், அப்பணியைக் கடல் முள்ளெலிகள் செய்து வந்தன. 1983-இல் நோயால் அவையும் மடிந்தன. 1970-களின் பிற்பகுதியில் 50 சதவீதத்துக்கு மேல் இருந்த பவளப் பரப்பு, 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போயிற்று. பெலீசு 2009-இல் கிளிமீன் பிடிப்பதையே தடை செய்தது.

மன்னார் வளைகுடாவிலும் பாசியின் அச்சுறுத்தல் புதிதன்று. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி குருசடைத் தீவருகே பவளங்களின் மீது படர்ந்திருப்பது 2008-இல் பதிவானது. அதனை ஆட்கள் மூழ்கிக் கையால் அகற்ற வேண்டியதாயிற்று.

பாறையில் வைக்கப்படும் மீன் கூடுகள், அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவை மடிகள், அறுந்து பவளத்தில் சிக்கிக்கொள்ளும் நைலான் வலைகள் ஆகியவை மீன்களையும் அவற்றின் இருப்பிடத்தையும் ஒருசேரப் பாதிக்கின்றன. களவா மீனுக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அதன் பல இனங்கள் பெண்ணாக வளர்ந்து, பிற்காலத்தில் ஆணாக மாறுபவை. பெரிய மீன்களையே தேர்ந்து பிடித்தால், இனப்பெருக்கத்துக்கு ஆண் மீன்கள் போதாமல் போகும். தமிழகக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இன்படி கரையை ஒட்டிய பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியது. அந்தப் பகுதியை விசைப்படகுகள் மதிக்க வேண்டும் என்பது நாட்டுப்படகு மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. பவளத்துக்கும் அது நன்மையே.

தூத்துக்குடி அருகே கரைந்து வந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் துளைகள் கொண்ட கான்கிரீட் கட்டமைப்புகள் செயற்கைப் பாறைகளாக இறக்கப்பட்டன. அலையைத் தடுப்பது முதல் நோக்கம். மீன்களுக்குப் புகலிடமும் பவளத்துக்குப் பற்றிடமும் அளிப்பது அடுத்தது. 1969-இல் சுமார் 21 ஹெக்டேராக இருந்து இப்போது சில ஹெக்டேராகச் சுருங்கிவிட்ட காரியாச்சல்லித் தீவிலும் இதே முறையைப் பின்பற்ற தமிழக அரசு திட்டமிட்டது. கான்கிரீட் பாறையிலும் பாசி படரும் என்பதால், அங்கும் மேய்ச்சல் மீன்கள் தேவைப்படும்.

கடலிலிருந்து தொலைவில் வாழ்வோருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பாறைகளிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்படுபவை. கோமாளி மீன் இதற்கு விதிவிலக்கு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதனைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளது. எனவே வாங்கும் மீன் பொரிப்பகத்தில் வளர்ந்ததா, கடலில் பிடிக்கப்பட்டதா என்று கடைக்காரரிடம் கேட்டறிந்து வாங்கலாம்.