போதையை எண்ணியறிந்த பேராசிரியர்

குடியாற் கெட்ட வீடுகள் நம் முத்தாபுதுப்பேட்டையில் இல்லையென யாரும் சொல்லார். எத்தனை என்று எண்ணியவர்தாம் இலர். நாணம் எண்ணவிடுவதில்லை.

அங்ஙனம் எண்ணுதலையே கல்வித்தொழிலாகக் கொண்டவர் இராமநாத சோப்ரா (1882–1973). கேம்பிரிட்ஜில் பயின்ற இவர், 1921-ஆம் ஆண்டில் கல்கத்தா வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் மருந்தியற் பேராசிரியராயினார். முன்னரே, 1893-இல் அரசாங்கம் நியமித்த கஞ்சா விசாரணைக் குழு 1,193 சாட்சிகளைக் கேட்டதுண்டு. அவருட் பலர் உத்தியோகஸ்தர். சோப்ராவோ அபினி உண்பாரையே அணுகி, எவ்வளவு உண்கின்றனர், எதன்பொருட்டுத் தொடங்கினர் என வினவிக் குறித்தார். நோவுக்கும் உழைப்பின் அயர்ச்சிக்கும் மருந்தாகத் தொடங்கியோர் பலராயிருந்தனர். அழுங் குழவியை உறங்கச்செய்யத் தாயரே அபினி ஊட்டிய வழக்கத்தையும் அவர் மறையாது எழுதினார். ஈதறிந்தபின் அத்தாயரை வைதல் எனக்குக் கூடவில்லை. வயல்வேலைக்குப் போகும் ஏழை வேறென் செய்வாள்?

1930-இல் மருந்து விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதன் வழிவந்ததே 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம்.

எண்ணி யறிந்தபின் உதவுதல் என்னும் அந்நெறியிலேயே, ஊசிவழி அபினி வகைகளைக் கொள்வார்க்கு எய்ட்ஸ் அணுகாவண்ணம் தூய ஊசியும், நாவின்கீழ்க் கரையும் புப்ரெனார்பின் மாத்திரையும் இந்நாளில் நம் நாட்டு அரசாங்கத் திட்டத்தின்கீழ் விலையின்றி வழங்கப்படுகின்றன.