பர்க்கிட் லிம்போமா

பர்க்கிட் லிம்போமா அல்லது பர்க்கிட் நிணநீர்ப் புற்றுநோய் என்பது பி வகை நிணநீர் உயிரணுக்களில் தோன்றும் ஒரு புற்றுநோய் ஆகும். இது பெரும்பாலும் குழந்தைகளையே தாக்குகின்றது. மனிதரில் காணப்படும் கட்டிகளுள் மிக விரைவாக வளர்வனவற்றில் இதுவும் ஒன்று. ஓரிரு நாட்களிலேயே உயிரணுக்களின் எண்ணிக்கை இருமடங்காகக் கூடும். அதே வேளையில், மருந்துகளால் மட்டுமே குணப்படுத்தக்கூடியது எனத் தொடக்கத்திலேயே அறியப்பட்ட புற்றுநோய்களுள் இதுவும் அடங்கும். அவ்வாறு அறியப்பட்டதில் உகாண்டாவுக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று இந்நோயால் மிகுதியாக இறப்போரும் வெப்பமண்டல ஆப்பிரிக்கக் குழந்தைகளே.

வரலாறு

1957ஆம் ஆண்டில் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலுள்ள முலாகோ மருத்துவமனையில், அயர்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட் (1911–1993) ஒரு சிறுவனைப் பரிசோதித்தார். அவனது மேல்தாடை, கீழ்த்தாடை ஆகியவற்றின் இருபுறமும் கட்டிகள் இருந்தன. சில வாரங்களுக்குப் பின் ஜிஞ்சா நகரில் ஒரு சிறுமியிடம் அதே தாடை வீக்கத்தையும், அத்துடன் வயிற்றில் கட்டிகளையும் கண்டார். இரண்டும் ஒரே நோய் என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. இதுபற்றிய அவரது கட்டுரை 1958இல் வெளியானது.

1961இல் பர்க்கிட் இரு நண்பர்களுடன் ஒரு பழைய வண்டியில் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் பயணம் செய்து, கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் விசாரித்தார். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களிலேயே இந்நோய் காணப்படுவதை அவர் வரைபடத்தில் குறித்தார். அது மலேரியா பரவியுள்ள பகுதியுடன் பெரிதும் ஒத்திருந்தது. சிறுவயது விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர் இவ்வளவையும் கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஆண்டில் இலண்டனில் பர்க்கிட் ஆற்றிய உரையைக் கேட்ட ஆய்வாளர் அந்தோனி எப்ஸ்டைன், கட்டியின் மாதிரிகளை வானூர்தி மூலம் வரவழைத்து ஆராயத் தொடங்கினார். ஈராண்டுகள் பயன் ஏதும் கிட்டவில்லை. 1963 டிசம்பரில் மூடுபனியால் வானூர்தி மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டு, மாதிரி தாமதமாக வந்து சேர்ந்தது. கலங்கிப்போயிருந்த அந்த நீர்மத்தில் கட்டியின் உயிரணுக்கள் உயிருடன் மிதந்துகொண்டிருந்தன. அவற்றை வளர்த்ததன் பயனாக 1964இல் எப்ஸ்டைன், பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகியோர் எப்ஸ்டைன்-பார் வைரசைக் கண்டறிந்தனர். மனிதரில் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரசு இதுவே.

காரணம்

எப்ஸ்டைன்-பார் வைரசு உலகில் பெரும்பாலானோரின் உடலில் தீங்கின்றி உறைகின்றது. எனவே அது மட்டுமே காரணமாக இருக்க இயலாது. ஆப்பிரிக்கக் குழந்தைகளில் மீண்டும் மீண்டும் வரும் மலேரியாக் காய்ச்சல் நோயெதிர்ப்பு முறையைப் பாதித்து, பி உயிரணுக்களை ஓயாது தூண்டுவதாகக் கருதப்படுகின்றது. எல்லா வகைப் பர்க்கிட் கட்டிகளுக்கும் பொதுவானது ஒரு மரபணு மாற்றமாகும். எட்டாவது குரோமோசோமின் ஒரு துண்டு, பெரும்பாலும் பதினான்காவது குரோமோசோமுக்கு இடம் மாறுகின்றது. இதனால் உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டும் மிக் என்னும் மரபணு கட்டுப்பாடின்றி இயங்குகின்றது.

ஆப்பிரிக்காவில் தாடையும், பிற நாடுகளில் வயிறும் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. எலும்பு மச்சைக்கும் மூளைத் தண்டுவட நீர்மத்துக்கும் நோய் பரவக்கூடும்.

சிகிச்சை

கம்பாலாவில் அக்காலத்தில் கதிர்வீச்சுக் கருவி இல்லை. தாடைக் கட்டிகளை அறுத்து அகற்றுவதும் பயன் தரவில்லை. ஆகவே பர்க்கிட் மருந்துகளை நாடினார். சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட், வின்கிரிஸ்டின் ஆகியன பயன்படுத்தப்பட்டன. இவற்றுள் வின்கிரிஸ்டின் நம் ஊர்களில் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவது. ஓரிரு தவணை மருந்திலேயே சில குழந்தைகளின் கட்டிகள் கரைந்து, பின்னர் திரும்பவே இல்லை. கம்பாலாவில் 1967இல் லிம்போமா சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இதுவே இன்றைய உகாண்டாப் புற்றுநோய் நிறுவனம். இடி அமீன் ஆட்சியில் வெளிநாட்டு மருத்துவர்கள் வெளியேறிய பின்னர், உகாண்டா மருத்துவர் சார்லஸ் ஒல்வெனி அதைத் தொடர்ந்து நடத்தினார்.

இன்றைய சிகிச்சையின் முதல் வாரமே பெரும் இடர் நிறைந்தது. கட்டி மருந்துக்கு மிக விரைவாகக் கரைவதால், இறந்த உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம், பாஸ்பேட் ஆகியவை குருதியில் கலக்கின்றன. யூரிக் அமிலமும் பெருகுகின்றது. இதனால் சிறுநீரகம் செயலிழக்கவும் இதயம் நிற்கவும் கூடும். இது கட்டிச் சிதைவு நோய்த்தொகுப்பு எனப்படும். மருந்து வேலை செய்வதனாலேயே குழந்தை இறக்க நேரும் நிலை இது. எனவே முதலில் குறைந்த அளவு மருந்துகளே கொடுக்கப்படுகின்றன. உடன் சிரைவழி மிகுதியான நீரும், அலோப்யூரினால் அல்லது ராஸ்புரிகேஸ் மருந்தும் தரப்படுகின்றன.

அடுத்து, பல மருந்துகள் சேர்ந்த கடுமையான வேதிச்சிகிச்சை சில மாதங்களுக்குத் தவணைகளாக அளிக்கப்படுகின்றது. உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 3 முதல் 8 கிராம் வரை மெத்தோட்ரெக்சேட் செலுத்தப்படலாம். இவ்வளவு மருந்து நலமான உயிரணுக்களையும் அழிக்கும் என்பதால், ஏறத்தாழ ஒரு நாள் கழித்து லூக்கோவோரின் என்னும் மாற்று மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். குருதியில் எஞ்சிய மெத்தோட்ரெக்சேட் அளவையும் அளந்துவர வேண்டும். மூளைக்குப் பரவாதிருக்க முதுகுத்தண்டு வழியாகவும் மருந்து செலுத்தப்படுகின்றது. 1980களில் பிரான்சில் காத்தரீன் பாட் தலைமையில் உருவான சிகிச்சைத் திட்டங்கள் இம்முறைக்கு அடித்தளமிட்டன.

2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், முற்றிய நிலையிலிருந்த 328 குழந்தைகளும் பதின்வயதினரும் பங்குபெற்றனர். வேதிச்சிகிச்சையுடன் ரிட்டுக்சிமாப் என்னும் எதிர்ப்பொருளும் பெற்றோரில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 95.1 விழுக்காடாக இருந்தது; அதனைப் பெறாதோரில் 87.3 விழுக்காடு.

ஆப்பிரிக்காவின் நிலை

நோய் மிகுந்துள்ள ஆப்பிரிக்க நாடுகளில் பல மையங்களில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளே பிழைக்கின்றனர். மருந்து அங்கே குறைவாக வேலை செய்வதில்லை. குருதியில் மருந்தளவை அளக்கும் வசதி, குருதிமாற்று, நுண்ணுயிர்க்கொல்லிகள், தீவிர மருத்துவம் ஆகியன போதாத இடத்தில் உயர் அளவு மருந்து தந்தால் குழந்தை நோய்த்தொற்றால் இறக்கக்கூடும். அளவைக் குறைத்தால் கட்டி திரும்பும். மருத்துவர்கள் இவ்விரண்டுக்கும் இடையே தெரிவு செய்ய வேண்டியுள்ளது. ஊட்டக்குறைவுடன் வரும் குழந்தை கடும் சிகிச்சையைத் தாங்குவதும் அரிது.

மற்றொரு காரணம் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துதல். தாடை வீக்கம் சில நாட்களில் வடிந்துவிடுவதால் நோய் நீங்கிவிட்டதாகவே தோன்றுகின்றது. தொலைவிலிருந்து வரும் பெற்றோர், பயணச் செலவும் வேளாண் வேலையும் கருதி ஊர் திரும்பிவிடுகின்றனர். மீதித் தவணைகளுக்கு வராத குழந்தைகளில் நோய் பெரும்பாலும் சில மாதங்களுக்குள் மீண்டு வருகின்றது. அப்போது முன்னைய மருந்துகளுக்கு அது எளிதில் கட்டுப்படுவதில்லை.