பொனட்டுப் பட்டியும் ஒரு பலாக்கட்டையும்

எங்க வீட்டு அடுப்படி மூலையில ஒரு பலாக்கட்டை கிடக்கு. ஒரு முழ நீளம் இருக்கும். மேல்பக்கம் வழவழப்பாக வளைந்து, ஒரு நுனியில் கூம்பிப் போகும். சின்ன வயசுல அதை நட்டு வச்சு விக்கெட்டா பாவிச்சிருக்கோம். போன வருஷம், அப்பா வேலை செய்யும் கராஜுக்கு ஒரு மொரிஸ் மைனர் வந்த பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது. காரின் பொனட்டு நடுவில் ஓட வேண்டிய குரோம் பட்டி இல்லை. கார்க்காரர், "பாஸ், ஒரிஜினல் மாதிரியே வேணும்" என்றார். அப்பா வீட்டுக்கு வந்து நேராக அடுப்படிக்குப் போனார். "இது அந்தப் பட்டிக்கு அச்சுடா. பெரிய தாத்தா செதுக்குனது" என்றார்.

பெரிய தாத்தா, அதாவது என் தாத்தாவின் அண்ணன், றக்வானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெக்டரிப் பட்டறையில் வேலை செய்தவர். கொழுந்து அரைக்கும் ரோலரில் ஏதாவது உடைந்தால் ஒட்டுவது, தகரம் தட்டுவது, பைப் வளைப்பது அவர் வேலை. தொரையின் கார் அடிபட்டு வந்தால் அதையும் அவரிடம்தான் விடுவார்கள். புலுத்தொட்ட வளைவுகளில் மழைக்காலத்தில் ஏறி இறங்கும் கார் ஒவ்வொரு வருஷமும் எங்கேயாவது உரசிக்கொண்டுதான் வரும்.

மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் 'மினி' காரைத் தந்தவரும் அவர்தான். கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபு இந்தக் காரைப் பார்த்து, உடைத்து வெந்நீரில் ஊற்றி வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். ஆனால் 1971 வரை 16 லட்சத்துக்கும் மேல் விற்றது. சிலோனில் டொக்டர், டீச்சர், கிளார்க், தோட்டத்துச் சின்னத் தொரை என்று பலரும் வைத்திருந்த கார் அது.

இதன் பிறப்பிலேயே ஒரு கைவேலைக் கதை இருக்கிறது. வேலை முடியும் கட்டத்தில் இசிகோனிஸுக்குக் கார் ரொம்பக் குறுகலாகத் தெரிந்திருக்கிறது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். அதற்குள் பம்பர்கள் செய்து முடிந்துவிட்டன. அவற்றை நடுவில் வெட்டி, இடையில் 4 அங்குலத் துண்டு ஒன்றை வைத்துச் சரிக்கட்டினார்கள். ஆரம்பகால மைனர்களின் பம்பரில் அந்தத் துண்டை இன்றும் பார்க்கலாம். பொனட்டின் நடுவில் மேடாகத் தெரியும் தட்டையான பட்டையும் அந்த 4 அங்குலம்தான். 'ஒரிஜினல்' என்று நாம் கொண்டாடுகிற பொருளே வெட்டி ஒட்டியதுதான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1970 முதல் 1977 வரை அது இன்னும் இறுகியது. பாணுக்கே வரிசையில் நின்ற காலம். 1973–74இல் எங்க தோட்டங்களில் பட்டினிச் சாவுகளே நடந்தன. அப்படிப்பட்ட நாட்டில் குரோம் பட்டிக்கு யார் டொலர் கொடுப்பார்கள்? 1962 தடைக்குப் பிறகு கியூபாக்காரர்கள் அமெரிக்கக் கார்களை என்ன செய்தார்களோ அதையேதான் இங்கும் செய்தார்கள். உள்ளதைத் தட்டி நிமிர்த்தினார்கள், இல்லாததைக் கையால் செய்தார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காததை ஊர்ப் பட்டறையில் கேட்டார்கள். சிங்கள பாஸ்மார், முஸ்லிம் தகரவேலைக்காரர், தோட்டத்துத் தமிழ் பிட்டர் என்று எல்லோருடைய கையும் அதில் இருக்கிறது.

சரி, ஒரு பட்டியை எப்படிக் கையால் செய்வது? அப்பா செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் அச்சு. பலா மரம் இறுக்கமானது, அடி தாங்கும், சீக்கிரம் வெடிக்காது. அதன் மேல் மெல்லிய பித்தளைத் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் தட்டுவார்கள். நாலு தட்டுத் தட்டினால் பித்தளை விறைத்துவிடும். அதற்குமேல் அடித்தால் கீறல் விழும். அதனால் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். உலோகம் மறுபடி இளகும். பிறகு தட்டு, மறுபடி சூடு. ஒரு பட்டி முடிவதற்குள் இது பத்துப் பன்னிரண்டு தடவை நடந்தது.

அலுமினியத்தில் இந்த வித்தை பலிக்காது. அது சிவக்காமலேயே உருகிவிடும். அதற்கு ஒரு தந்திரம் இருக்கு. தகட்டில் சவர்க்காரத்தால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சூடாக்கணும். கோடு கறுத்தால் போதும், நெருப்பை எடுத்துவிடலாம். வெப்பமானி இல்லாத பட்டறைக்கு அந்தச் சவர்க்காரக் கோடுதான் வெப்பமானி. "இத யாரு சொல்லித் தந்தாங்க?" என்று கேட்டேன். "பெரிய தாத்தா எங்கப்பாவுக்கு, எங்கப்பா எனக்கு" என்றார்.

வடிவம் வந்த பிறகு ஓரங்களை மடித்து, பின்பக்கம் சின்ன ஆணிகளைப் பற்றவைத்து, அரம் போட்டு, எமரித் தாளால் கரடு தாளிலிருந்து மெல்லிய தாள் வரை படிப்படியாகத் தேய்க்க வேண்டும். கடைசியில்தான் குரோம். முதலில் செம்பு, அதன்மேல் நிக்கல், அதன்மேல் குரோமியம். மேலே இருக்கும் குரோமியப் படலம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. பெயின்ட் மாதிரி அது எதையும் மறைக்காது. அடியில் ஒரு சுத்தியல் தழும்பு இருந்தால் மேலே பத்து மடங்காகத் தெரியும். குரோமியத் தொட்டியிலிருந்து எழும் ஆவி புற்றுநோய் தரக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க எத்தனையோ பேர் கையுறையும் முகமூடியும் இல்லாமல் அந்தத் தொட்டிக்கு மேல் குனிந்து நின்றிருக்கிறார்கள்.

காரில் இன்னொரு தகடும் உண்டு, நம்பர் பிளேட். 'சிலோன்' என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த சீ.என்., ஈ.எல்., ஈ.என். போன்ற எழுத்துகளே முன்பு அதில் இருந்தன. 1957இல் அந்த இடத்துக்குச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழர்கள் அதன்மேல் தார் பூசினார்கள். 1958இல் அந்தப் போராட்டம் மலையகத்துக்கும் பரவியது. ஒரு சின்னத் தகடு, நீ இந்த நாட்டில் யார் என்று ஒருவரிடம் சொல்லிவிடும். எங்க ஆட்களுக்கு அது இன்னொரு விதத்திலும் நடந்தது.

மைனர் அறிமுகமாகி ஒரு மாதத்தில், 1948 நவம்பரில், இலங்கையில் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்குபோட்டன. பெரிய தாத்தாவின் பெயர் இந்தியப் பக்கம் விழுந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் கூடலூரில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது மண்வெட்டி. சுத்தியலையும் அச்சையும் தம்பியிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் தட்டி நிமிர்த்திய கார்கள் பதிவு எண்ணோடு இங்கேயே ஓடிக்கொண்டிருந்தன. தட்டியவருக்குத்தான் இங்கே பதிவு இல்லை. மிச்சமிருந்த நாடற்றவர்களின் பிரச்சினைக்குச் சட்டம் முடிவுகட்டியது 2003இல். அதற்குள் அவர் இறந்துவிட்டார்.

இந்தக் கைவேலையின் மதிப்பை வெளியிலிருந்து ஒருவர் கண்டுகொண்டார். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ல்ஸ் வேர். பழைய காரைத் தூக்கி எறியாமல் காலமெல்லாம் பழுதுபார்த்து ஓட்டுவதே சிக்கனம் என்று வாதாடியவர் அவர். 1990களில் இலங்கைக் கூட்டாளியோடு சேர்ந்து, மைனர் பாகங்கள் செய்ய இங்கே 'டியூரபிள் கார் கம்பெனி'யைத் தொடங்கினார். மைனர் பிறந்த நாட்டுக்கு அதன் பாகங்கள் இலங்கைக் கைகளிலிருந்து போயின. பஞ்சத்தில் பழகிய வேலை ஏற்றுமதிப் பொருளாகிவிட்டது!

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் பழைய கார்களின் விலை எகிறியது, கராஜ்களுக்கு வேலை கூடியது. ஆனால் வேலை கற்றுக்கொள்ள வருபவர்கள் குறைவு. அப்பாவோடு இப்போது யாரும் இல்லை. நானும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

எங்க ரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு கல் கிடைத்தால் எடை பார்த்து, பெயர் வைத்து, எந்த ஊர்க் குழியில் எடுத்தது என்பதுவரை சொல்லி விற்பார்கள். ஒரு குரோம் பட்டியை யார் செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த மைனரை எடுக்க வந்தவர் பட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அசல் இங்கிலாந்து சாமான் மாதிரியே இருக்கு பாஸ்" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே காசை வாங்கி வைத்தார்.

பட்டியைப் பூட்டுவதற்கு முன்னாடி, அதன் பின்பக்கத்தில், வெளியில் தெரியாத இடத்தில், ஆணியால் எழுத்துப் பொறிக்கச் சொன்னேன். "எதுக்குடா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே பெரிய தாத்தாவின் முதலெழுத்தையும் தன் முதலெழுத்தையும் கீறினார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்வதைப் போனில் பதிந்துகொண்டிருக்கிறேன். பித்தளையை எவ்வளவு சிவக்க விடணும், சவர்க்காரக் கோடு எவ்வளவு கறுக்கணும் என்று. பலாக்கட்டை அடுப்படியிலிருந்து அலுமாரிக்கு மாறிவிட்டது. உங்க வீட்டிலும் எதற்கென்று தெரியாத ஒரு கட்டையோ தகடோ கிடந்தால், விறகாக்குவதற்கு முன்னால் பெரியவர்களிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்க.