துவக்கின் ஏட்டில் விடுபட்ட பத்தி

பழைய துவக்கு சேர்க்கிறவர்களிடம் ஒன்றைக் காட்டினால், எந்தக் கம்பெனி என்று கேட்ட கையோடு யாருடையது என்றும் கேட்பார்கள். ஒரே பட்டறையில் ஒரே ஆண்டில் செய்த இரண்டு ரைபிள்களில் பெயர் தெரிந்த ஆளின் தோளில் கிடந்ததற்குத்தான் விலை. பேர்போன வேட்டைக்காரருடையது என்றால் ஒரு மவுசு. கொலை வழக்குகளில் குண்டைப் பார்த்துத் துவக்கைச் சொன்ன நிபுணருடையது என்றால் இன்னொரு மவுசு.

நான் மீரியபெத்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இலங்கையின் ஊவா மாகாணத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் கிட்ட நின்று பார்த்த துவக்கெல்லாம் பி1, பி2 என்று அட்டை கட்டி மேசையில் கிடந்த சான்றுப் பொருட்கள். வழக்கேட்டில் துவக்குக்காரனின் பெயருக்கு எவ்வளவு இடமோ, அடிபட்டவனின் பெயருக்கும் அவ்வளவு இடம் உண்டு. சேகரிப்பாளரின் தாள்களில் இரண்டாவது பெயர் கிடையாது. ஊவாவின் துவக்குச் சரித்திரம் முழுக்க அந்த இரண்டாவது பெயர் இல்லாமல்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஊவாவின் பதுளையில் துவக்கும் நீதியும் ஒரே ஆளின் கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. இலங்கை ரைபிள் படையின் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், பதுளையின் உதவி அரசாங்க அதிபர். மாவட்ட நீதிபதியும் அவரே. அவர் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400க்கு மேல் என்று இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து ரொஜர்ஸ் இறந்தார். வயது 41. அவர் நினைவாகக் கட்டிய புனித மார்க் தேவாலயம் இன்றும் பதுளையில் இருக்கிறது. கல்லறை நுவரெலியாவில். இத்தனை யானையைக் கொன்ற பாவம்தான் இடியாக இறங்கியது என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கொலைகளுக்கு அரசாங்கத்தின் ஆதரவும் இருந்தது. பயிரை அழிக்கிறது என்று சொல்லி, தலைக்குச் சில ஷில்லிங் வெகுமதி கொடுத்தார்கள். தென் மாகாணத்தில் மட்டும் 1851க்கும் 1856க்கும் இடையில் 2,000 யானைகளுக்கு இப்படி வெகுமதி கொடுக்கப்பட்டதாக டெனன்டின் கணக்கு சொல்கிறது.

அந்தக் காலத்துத் துவக்கு எப்படிப்பட்டது? மலைக்கு அந்தப் பக்கம் நுவரெலியாவில் 1848 முதல் 1855 வரை குடியிருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரின் ரைபிளை எடுத்துக்கொள்வோம். பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் பட்டறையில் 1840இல் அவருக்கென்றே செய்தது. எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. குழலின் நீளம் மட்டும் 36 அங்குலம், உள்ளே இரண்டே வரிப்பள்ளம். அந்தப் பள்ளத்தில் பொருந்தி ஓடுவதற்காக ஈயக்குண்டுக்கு இடுப்பில் பட்டி வைத்து வார்த்திருந்தார்கள். கூம்புக் குண்டு என்றால் நான்கு அவுன்ஸ், ஏறக்குறைய 113 கிராம்.

வாய்வழியாக மருந்தும் குண்டும் இடித்து ஏற்றும் துவக்கு இது. சுட்ட பிறகு மறுபடி ஏற்ற நேரம் வேண்டும். காயம்பட்ட யானை அதுவரை காத்திருக்காது. ஆகவே துரைக்குப் பின்னால், மருந்தேற்றிய துவக்குகளோடு ஆட்கள் நிற்க வேண்டும். யானை பாய்ந்து வருகிற நேரத்தில் அடுத்த துவக்கை அவர் கையில் கொடுக்க வேண்டியவன் பின்வாங்கினால் துரை செத்தார். ஒன்பதரைக் கிலோ இரும்பைப் பற்றைக்காட்டிலும் மேட்டிலும் சுமந்ததும் அவன்தான். பட்டறையின் பெயர், எடை, மருந்தளவு எல்லாம் பதிவில் இருக்கிறது. சுமந்தவன் வெறும் 'துவக்குத் தூக்கி'.

வேட்டைக்காரர்களின் இந்தத் துவக்கறிவுதான் பின்னாளில் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. 1927 செப்டெம்பரில் இங்கிலாந்தின் எசெக்ஸில் கட்டரிட்ஜ் என்ற பொலிஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிகள் திருடிய காரில் கிடந்த வெற்றுத் தோட்டாவின் அடிப்பக்கத்தில் ஒரு வடு. அந்த வடுவை உண்டாக்கிய பழுது, பிடிபட்ட வெப்லி ரிவால்வரில் இருந்தது. அதை எடுத்துச் சொன்னவர்களில் ஒருவரான ரொபர்ட் சேர்ச்சில், லண்டனில் வேட்டைத் துவக்குகள் செய்து விற்றவர். குற்றவாளிகள் இருவரும் 1928 மே மாதம் தூக்கிலிடப்பட்டார்கள்.

வேட்டையிலிருந்து இந்தத் துறைக்கு வந்த இன்னொருவர் மேஜர் சேர் ஜெரால்ட் பர்ராட். இந்தியாவின் நில அளவைத் தலைவராக இருந்த சிட்னி பர்ராட்டின் மகன். இமயமலை வேட்டையைப் பற்றியும் வேட்டை ரைபிள்களைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்த இவர், 1934இல் துவக்குகளை அடையாளம் காண்பது பற்றித் தனி நூலே வெளியிட்டார். குழலுக்குள் சுருண்டு ஓடும் வரிகள் குண்டின் மேல் கீறலாகப் பதியும். ஒரே பட்டறையில் செய்திருந்தாலும் ஒரு குழலின் கீறல் இன்னொன்றின் கீறலோடு ஒத்துப்போகாது. நுணுக்குக்காட்டியின் கீழ் இரண்டு குண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இப்படிப்பட்டவரிடம் இருந்த ரைபிளுக்குச் சேகரிப்பாளர் கூடுதலாகப் பணம் கொடுப்பதில் வியப்பில்லை.

ஆனால் ஊவாவின் ஏழை வழக்குகளுக்கு இந்தக் கீறல் சாத்திரம் அதிகம் உதவாது. இங்கே மேசைக்கு வந்ததில் பாதி கட்டுத்துவக்கு. காட்டுப்பன்றி வரும் தடத்தில் கட்டி வைப்பது. நான் பார்த்த ஒன்றின் குழல் தண்ணீர்க் குழாய்த் துண்டு. மரக்கட்டையோடு அதைச் சைக்கிள் டியூப் பட்டியால் சுற்றியிருந்தார்கள். வாயில் கரி, அடியில் துரு. உள்ளே வரியே கிடையாது. வரியில்லாத குழல் சாட்சி சொல்லாது. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை, இது சுடக்கூடிய ஆயுதம், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி துப்பாக்கி என்ற அளவில் நின்றுவிடும். கட்டியவன் யார் என்று சாட்சிகள்தான் சொல்ல வேண்டும்.

பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதனுக்கு முழங்காலில்தான் அடிபடும். விறகுக்குப் போன கணவனை அப்படிப் பறிகொடுத்த ஓர் அம்மா சாட்சிக்கூண்டில் ஏறினார். "இறந்தவர் பெயரைச் சொல்லுங்கம்மா" என்றேன். அவர் வாய் திறக்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாதவர். "அவுங்க பேர நான் எப்படிங்க ஐயா சொல்றது?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீதவான் காத்திருந்தார். கடைசியில் அந்த அம்மா மகனைக் கூட்டிவரச் சொல்லி, அவன் வாயால் சொல்லவைத்தார். பெயர் எழுதப்பட்ட பிறகுதான் வழக்கு நகர்ந்தது.

தோட்டத்து ஆட்கள் துவக்கின் முன்னால் நின்ற வேறு நாட்களும் உண்டு. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு வைத்தார்கள். கோவிந்தனின் மனைவி சார்பாக இடதுசாரித் தலைவரும் வழக்கறிஞருமான கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அதே ஆண்டு பதுளைப் பக்கம் வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அடக்க வந்த பொலிஸ் குழுவின் ஆயுதங்களையே அவர்கள் பறித்துக்கொண்டதாக இடதுசாரிகளின் வரலாறு சொல்கிறது. விசாரணை நடந்ததால் கோவிந்தனின் பெயர் நமக்குக் கிடைத்தது. ரொஜர்ஸுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

மனம் வைத்தால் ஒரு துவக்கின் பூர்வீகத்தை எவ்வளவு தூரம் தேடலாம் என்பதற்கு அண்மைய உதாரணம் இருக்கிறது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடி எடுத்துப்போன லெவ்கே திசாவையின் பீரங்கியையும், வாள்களையும், இரண்டு பெருந்துவக்குகளையும் நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் கிடந்த அவற்றை, இலங்கை ஆய்வாளர்களும் டச்சு ஆய்வாளர்களும் சேர்ந்து கைக்குக் கை பின்தொடர்ந்து போய்த்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். யார் செய்தது, யார் வைத்திருந்தது என்பதோடு, யாரிடமிருந்து பிடுங்கியது என்றும் கேட்டார்கள்.

இதை ஒரு மீரியபெத்தக்காரன் எழுதக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து எங்கள் லயங்களை மூடியபோது, புதைந்தவர்கள் எத்தனை பேர் என்று உடனே சொல்ல ஒருவராலும் முடியவில்லை. முதல் நாள் நூற்றுக்கு மேல் என்றார்கள். சில நாளில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. மலையில் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள் என்று நாள்தோறும் எழுதிவைத்த நாடு இது.

ஆகவே சேகரிப்பாளர்களுக்கு ஒரு யோசனை. ரைபிளை வாங்கும்போது பட்டறை, ஆண்டு, உடைமையாளர் என்று எழுதும் தாளில் இன்னொரு பத்தி சேருங்கள்: சுமந்தவர், அடிபட்டவர். பெயர் தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள். விலை கொஞ்சம் குறையலாம். வாங்குகிறவர் கேள்வியாவது கேட்பார்.